மானிய வீடா, தனியார் அடுக்ககமா? கொல்லங்கோடு முதல் தில்லி வரை தொடரும் கேள்வி

புதுதில்லி: நகர்ப்புறங்களில் ஒரு கோடி குடும்பங்களுக்கு வீடு என்ற அறிவிப்புடன் பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டுகளில் மத்திய அரசு தரும் உதவி ரூ. 2.30 லட்சம் கோடி என்று அறிவிக்கப்பட்டது. இத்திட்டத்தின் பயன் யாருக்கு, எங்கே, எவ்வளவு கிடைக்கிறது என்பதைத் தில்லியில் உள்ள அமைச்சகக் கோப்புகளிலிருந்து தெரிந்துகொள்வதைவிட, நாட்டின் தென்கோடியில் இரு மாநில எல்லையில் உள்ள ஓர் ஊரிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

பாலக்காடு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் அமைந்த கொல்லங்கோடு அத்தகைய ஓர் ஊர். வயல் சூழ்ந்த கிராமப் பஞ்சாயத்து. திருச்சூர்ப் பக்கமிருந்து கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி செல்லும் சாலை இதன் வழியே செல்கிறது. அடுத்துள்ள முதலமடையிலும் சித்தூர் வட்டத்தின் எல்லைப் பஞ்சாயத்துகளிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வீடு வாங்க முனையும் குடும்பம் இங்கு பாலக்காடு நகரத்து அடுக்ககத்தையும் பார்க்கிறது. கோவையின் விளம்பரங்களையும் பார்க்கிறது. பஞ்சாயத்து அலுவலகத்தில் ‘லைஃப்’ திட்டப் பட்டியலில் தன் பெயர் உள்ளதா என்றும் பார்க்கிறது.

விலையை மட்டும் வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் கேரளத்திலும் தில்லியிலும் நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், வாங்குபவரைக் கவிழ்த்தது பெரும்பாலும் விலையாக இருந்ததில்லை. கட்டடத்தில் அல்லது அனுமதியில் தவறு நேர்ந்தபோது அதற்குப் பொறுப்பேற்க யாரும் இல்லாமல் போனதே அவர்களைக் கவிழ்த்தது.

வலக்கை தருவதும் இடக்கை பெறுவதும்

முதலில் கணக்கு. இரண்டாம் கட்டத் திட்டத்தின் வட்டி மானியப் பிரிவில், ஆண்டு வருமானம் ரூ. 9 லட்சம் வரை உள்ள, நாட்டில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லாத குடும்பம் விண்ணப்பிக்கலாம். வீட்டின் மதிப்பு ரூ. 35 லட்சத்துக்கும், கடன் ரூ. 25 லட்சத்துக்கும் மிகாமல் இருக்க வேண்டும். கடனின் முதல் ரூ. 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சமாகக் கிடைப்பது ரூ. 1.80 லட்சம்; அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளில்.

ரூ. 30 லட்சத்துக்கு ஒரு பழைய வீட்டையோ மறுவிற்பனை அடுக்ககத்தையோ வாங்கும் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், கேரளத்தில் முத்திரைத் தீர்வை பொதுவாக 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரப் பதிவு நாளன்றே ரூ. 3 லட்சம் மாநில அரசுக்குச் சென்றுவிடும். வங்கி விலையில் 80 சதவீதத்தைக் கடனாகத் தந்தால் ரூ. 24 லட்சம். எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 20,800. கடன் தீரும்போது கட்டி முடித்திருக்கும் தொகை ரூ. 50 லட்சத்தை ஒட்டியிருக்கும். கைப்பணமாக முன்னதாகத் திரட்ட வேண்டியது ரூ. 9 லட்சம்.

ஆக, மத்திய அரசு ஐந்து ஆண்டுகளில் பகுதி பகுதியாகத் தரும் உதவியைவிட, மாநில அரசு ஒரே நாளில் பெறும் வரி அதிகம். வீட்டுவசதிக்கு மானியம் தருவதாக இரு அரசுகளும் சொல்கின்றன. இரண்டையும் கூட்டிக் கழித்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு மிஞ்சுவது கழித்தல் குறியே. இதைத் தேர்தல் அறிக்கைகளில் எந்தக் கட்சியும் குறிப்பிடுவதில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நகர்ப்புறத் திட்டம் என்பதால் சட்டப்படி நகரமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கும், அவற்றைச் சார்ந்த அறிவிக்கப்பட்ட திட்டமிடல் பகுதிகளுக்குமே இது பொருந்தும். கிராமப் பஞ்சாயத்துகள் பொதுவாக இதற்குள் வருவதில்லை. ஊர்ப் பகுதிக்கும் நகரப் பகுதிக்கும் இடையே கோடு தெரியாதபடி வீடுகள் தொடர்ந்து செல்லும் கேரளத்தில், சாலையின் இந்தப் பக்கம் உள்ளவருக்கு மானியம் உண்டு, அந்தப் பக்கம் உள்ளவருக்கு இல்லை என்ற நிலை இதனால் உருவாகிறது. பாலக்காடு நகராட்சியில் அடுக்ககம் வாங்கும் கொல்லங்கோட்டுக் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவி, அதே குடும்பம் தன் ஊரிலேயே வீடு கட்டினால் கிடைக்காமல் போகலாம்.

வயலும் வீடும்

ஏழைக் குடும்பங்களுக்கான வழி ‘லைஃப்’. 2017-ல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ் கேரளத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் கட்டி முடிக்கப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்குப் பொதுவாக ரூ. 4 லட்சம். எல்லைக்கு அப்பால், தமிழக அரசு 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் இத்தொகை ரூ. 3.50 லட்சம். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியின் இரு பக்கமும் செங்கல்லும் சிமெண்டும் ஏறத்தாழ ஒரே விலைதான். இரு மாநிலங்களிலுமே இத்தொகைக்குள் வீட்டை முடிக்க முடியாமல் நகையை அடகு வைப்பதும் கந்துக்குக் கடன் வாங்குவதும் வழக்கமாகியுள்ளன.

தகுதி விதிகள் கடுமையானவை. ஆண்டு வருமானம் ரூ. 3 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பஞ்சாயத்துப் பகுதியில் 25 சென்ட்டுக்கு மேல் நிலம் இருக்கக் கூடாது. சொந்தப் பயன்பாட்டுக்கு நான்கு சக்கர வாகனம் கூடாது. மாதம் ரூ. 25 ஆயிரத்தைத் தாண்டிச் சம்பாதிக்கத் தொடங்கிய நாளிலேயே ஒரு குடும்பத்துக்கு இந்தக் கதவு மூடுகிறது. ஆனால் அந்த வருமானத்தில் ரூ. 20,800 மாதத் தவணை கட்டுவது நடவாத காரியம். மானிய வீட்டுக்கு அதிக வருமானம், தனியார் வீட்டுக்குக் குறைந்த வருமானம் என்று இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தாம் எல்லைப்புற ஊர்களில் அதிகம். சிறு கடைக்காரர்கள், தனியார் பள்ளி ஆசிரியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகியோர் இந்தப் பிரிவினர்.

பாலக்காட்டுக்கே உரிய இன்னொரு தடை நிலத்தின் வகை. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-ல் வந்தது. இதன்படி ஊராட்சி வாரியாக வயல்களின் ‘டேட்டா பேங்க்’ பட்டியல் தயாரிக்கப்பட்டது. அதில் வயல் என்று பதிவான நிலத்தில் வீடு கட்ட முடியாது. வேறு நிலமே இல்லாதவர் சொந்தக் குடியிருப்புக்கு மட்டும், உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவின் பரிந்துரையுடன், பஞ்சாயத்தில் 10 சென்ட் வரையும் நகராட்சியில் 5 சென்ட் வரையும் விலக்குப் பெறலாம். கேரளத்தின் நெற்களஞ்சியம் எனப்படும் மாவட்டத்தில் ஏழையிடம் இருக்கும் துண்டு நிலம் பெரும்பாலும் வயலாகவோ வயலை ஒட்டியதாகவோதான் இருக்கும். மானியம் அனுமதிக்கப்பட்டும் நில வகை மாற்றத்துக்காக வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் காத்திருப்பதே பலருக்கு வீட்டுப் பணியின் முதல் கட்டம்.

சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. வயல் போனால் தண்ணீரும் போகும் என்பதை இந்த மாவட்டம் அறியும். ஆனால் மலையடிவாரத்தின் அழகைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளால் கொல்லங்கோட்டுப் பெயர் நாடெங்கும் பரவியுள்ள இந்நாளில், விடுதி கட்ட வருபவர் கோப்பை நகர்த்தும் வேகமும் ஐந்து சென்ட்காரர் கோப்பை நகர்த்தும் வேகமும் ஒன்றாக இருக்கிறதா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எலும்புக்கூடாக நின்ற கட்டடம்

நிலமே இல்லாதவர்களுக்கு அடுக்குமாடி என்பது ‘லைஃப்’ திட்டத்தின் மூன்றாம் பகுதி. இடுக்கி மாவட்டத்தின் அடிமாலியில் இத்தகைய முதல் குடியிருப்பு பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பின் நடந்தவற்றில் நாடு அறிந்தது வடக்காஞ்சேரி விவகாரம்தான். இது கொல்லங்கோட்டுக்கு அருகே உள்ள பாலக்காட்டு வடக்கஞ்சேரி இல்லை. திருச்சூர் மாவட்டத்து ஊர். எனினும் கொல்லங்கோடும் அந்த வடக்காஞ்சேரியும் ஒரே ஆலத்தூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன.

ஐக்கிய அரபு அமீரகத்தின் செம்பிறைச் சங்கத்தின் நிதியுதவியுடன் 140 வீடுகள் கட்ட 2019 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020-ல் தங்கக் கடத்தல் வழக்கின் விசாரணையினூடே, இக்கட்டுமானத்தில் கமிஷன் கைமாறியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அன்னிய நன்கொடைச் சட்டத்தின் கீழ் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. மாநில ஊழல் தடுப்புப் பிரிவும் அமலாக்கத் துறையும் தனித்தனியே விசாரித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. கட்டுமானம் நின்றது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். தில்லியிலும் திருவனந்தபுரத்திலும் நடந்த அந்த வாதங்களில், குன்றின்மேல் எலும்புக்கூடாக நின்ற கட்டடத்தில் குடியேற இருந்த 140 குடும்பங்களின் தரப்பை எடுத்துரைக்க ஒரு வழக்கறிஞரும் இருக்கவில்லை என்றே சொல்லலாம். அவர்கள் வாங்குபவர்கள் அல்லர், பயனாளிகள். வாங்குபவருக்கு ஒப்பந்தம் உண்டு, தாமதத்துக்கு வட்டி கேட்கும் உரிமை உண்டு. பயனாளிக்கு இருப்பது பட்டியலில் ஓர் எண் மட்டுமே.

நிலமற்றோரும் அடுக்குமாடியைவிட மூன்று சென்ட் மண்ணையே விரும்புவதை அரசும் உணர்ந்தது. வசதியுள்ளோரிடம் நிலத்தைத் தானமாகப் பெறும் ‘மனசோடித்திரி மண்ணு’ இயக்கம் 2021 இறுதியில் தொடங்கப்பட்டது. மண்மீது மக்களுக்குள்ள இந்தப் பற்றைப் பழமைவாதம் என்று நகர்ப்புறத் திட்டமிடுவோர் தள்ளிவிடுகின்றனர். அதில் அனுபவ அறிவும் உள்ளது. 1972-ல் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் முன்னின்று நடத்திய லட்சம் வீடு திட்டத்தில் இரு குடும்பங்களுக்கு நடுச்சுவர் பொதுவாக இருக்கும்படி இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. ஒருவர் இடித்துக் கட்ட விரும்பினால் மற்றவர் சம்மதிக்க வேண்டும். ஒரு சுவரைப் பங்கிட்டதற்கே அரை நூற்றாண்டு வழக்கு. இரட்டை வீட்டை ஒற்றை வீடாக்க அரசு தனித் திட்டமே வகுக்க நேர்ந்தது. கூரை, மாடிப்படி, மின்தூக்கி, கழிவுநீர்க் குழாய் எல்லாம் பொதுவாக இருக்கும் கட்டடத்தை, பராமரிப்புக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் எப்படிக் காப்பாற்றுவார்கள் என்ற கேள்விக்கு இன்னும் விடை காணப்படவில்லை.

இலச்சினைச் சண்டை

இதற்கிடையே மத்திய அரசுக்கும் கேரளத்துக்கும் 2023, 2024 ஆண்டுகளில் மூண்ட சண்டை வேறு வகையானது. மத்திய நிதி பெற்ற வீடுகளில் பிரதமர் திட்டத்தின் பெயரும் இலச்சினையும் பொறிக்க வேண்டும் என்று தில்லி வலியுறுத்தியது. ரூ. 4 லட்சம் செலவாகும் வீட்டில் மத்திய அரசின் பங்கு கிராமப்புறத்தில் ரூ. 72 ஆயிரம், நகர்ப்புறத்தில் ரூ. 1.50 லட்சம் மட்டுமே. மேலும், தானம் பெற்ற வீடு என்று சுவரில் எழுதுவது குடியிருப்பவரின் தன்மானத்தைக் குலைக்கும் என்று கேரளம் மறுத்தது.

இதில் கேரளத்தின் வாதம் வலுவானது. ஆனால் தன்மானத்தைப் பற்றிய இந்த அக்கறை உள்நாட்டில் தாமதமாகவே வந்தது. லட்சம் வீடு காலனி, அம்பேத்கர் காலனி என்ற பெயர்களே முகவரியாகி, வேலைக்கும் திருமணத்துக்கும் தடையாக நின்ற காலம் நீண்டது. முதலமடையில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் குடும்பங்களிடம் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுவதாக 2017-ல் எழுந்த குற்றச்சாட்டு கேரள அரசியலை உலுக்கியது. ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பயன்பாட்டிலிருந்து நீக்கும் உத்தரவை அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன், ஆலத்தூர் மக்களவை உறுப்பினராகத் தேர்வாகிப் பதவி விலகியபோது, 2024 ஜூனில் தம் கடைசி உத்தரவாகப் பிறப்பித்தார். மானிய வீட்டை ஏற்பதா வேண்டாமா என்று யோசிக்கும் குடும்பம் சுவரின் தரத்தோடு இந்த முகவரியின் விலையையும் சேர்த்தே எடைபோடுகிறது.

இடுக்கியின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்த அளவு தேர்வுகூட இல்லை. லயத்தில் வாடகையில்லை, ஆனால் வேலை போனால் வீடும் போகும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மாண்டபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஒரு சென்ட் நிலம்கூட அவர்கள் பெயரில் இல்லை என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. பின்னர் குட்டியார்வேலியில் அரசு நிலம் ஒதுக்க, தோட்ட நிறுவனம் வீடு கட்டித் தந்தது, எட்டுக் குடும்பங்களுக்கு.

மரட்டில் சரிந்தது

தனியார் அடுக்ககம் வாங்குவோர் இத்தொல்லைகளிலிருந்து தப்பிவிட்டோம் என்று கருதினால், கொச்சிக்கு அருகே மரட்டில் நடந்ததை நினைவுகூர வேண்டும். அன்று கிராமப் பஞ்சாயத்தாக இருந்த மரடு 2006-ல் காயலோரத்தில் பல மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி அளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு இது முரண் என்று பின்னர் தெரியவந்து நோட்டீஸ் அனுப்பியபோது, கட்டுமான நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்தில் தமக்குச் சாதகமான உத்தரவைப் பெற்றன. கட்டடம் எழுந்தது, வங்கிகள் கடன் தந்தன, பத்திரம் பதிவாயிற்று, சொத்து வரி வசூலிக்கப்பட்டது. 2019 மே 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. குடியிருப்போரின் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் 340-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட நான்கு குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

இடைக்கால இழப்பீடாக வீட்டுக்கு ரூ. 25 லட்சம் வரை மாநில அரசு முதலில் வழங்கி, கட்டுமான நிறுவனங்களிடமிருந்து பின்னர் வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வாங்கியவர்கள் எந்தச் சான்றிதழைக் கேட்டிருந்தாலும் அது அவர்களுக்குக் கிடைத்திருக்கும். ஏனெனில் எல்லாச் சான்றிதழ்களும் இருந்தன. தவறு சான்றிதழ் தந்த அலுவலகத்தில் இருந்தது.

2017 மே முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் நிலைமையைச் சீர்படுத்தியுள்ளது என்பது உண்மை. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு பொறுப்பு. தில்லிக்கு அருகே நொய்டாவில் ஆம்ரபாலி, ஜேபி நிறுவனங்களிடம் பணம் கட்டிப் பல்லாயிரம் குடும்பங்கள் தவித்தது போன்ற நிலையைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைகளும், எட்டு வீடுகளுக்கு மிகாத கட்டடங்களும் பதிவிலிருந்து விலக்குப் பெற்றவை. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் எழும் அடுக்ககங்களில் கணிசமானவை இந்த அளவுக்குள் அடங்குபவை. பெருநகரத்து வாங்குபவருக்குக் கிடைத்த கவசம் பாலக்காட்டுச் சந்து ஒன்றில் எட்டு வீட்டுக் கட்டடத்தில் ஒன்றை வாங்குபவருக்கு இல்லை.

அரசே கட்டினால்?

லாப நோக்கமற்ற அமைப்போ அரசோ கட்டினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் அடி வாங்கியுள்ளது. கொச்சி வைற்றிலையில் ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு கட்டி 2018-ல் முடித்த சந்தர் குஞ்ச் குடியிருப்பின் இரு கோபுரங்கள் வாழத் தகுதியற்றவை என்று கண்டறியப்பட்டு, அவற்றை இடித்து மீண்டும் கட்டித் தர 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 208 வீடுகள், வாங்கியவர்கள் ராணுவத்தில் பணியாற்றுவோரும் ஓய்வு பெற்றோரும்.

தில்லி முகர்ஜி நகரில் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய சிக்னேச்சர் வியூ குடியிருப்பிலும் இதே கதை. 336 வீடுகள், பதினைந்து ஆண்டுகளுக்குள் கான்கிரீட் உதிர்ந்தது. இடிக்கும் முடிவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் உறுதி செய்தது. எனினும் மரட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. காலி செய்வோருக்கு, புதிய வீடு கிடைக்கும் வரை, வீட்டின் வகைக்கேற்ப மாதம் ரூ. 50 ஆயிரம் அல்லது ரூ. 38 ஆயிரம் வாடகையை ஆணையமே தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. கட்டியவர் யார் என்பது தெரிந்திருந்தது. அவர் திவாலாகி மறைய வழியும் இல்லை. அரசிடம் வாங்குவதில் உள்ள உண்மையான லாபம் இதுவாகத்தான் இருக்க முடியும். அதையும் பெற நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது.

தில்லி வளர்ச்சி ஆணையத்தின் வரலாறு பாலக்காட்டுக்குப் புதிதல்ல. கொல்லங்கோடு உள்ளிட்ட பாலக்காட்டு ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தில்லிக்கு எழுத்தர் வேலைக்கு வந்தவர்களில் பலர் மயூர் விஹார் போன்ற பகுதிகளில் ஆணைய வீடுகளிலும் கூட்டுறவுச் சங்க வீடுகளிலுமே குடியேறினர். 1979-ல் ஆணையம் அறிவித்த திட்டத்தில் 1.71 லட்சம் பேர் பதிந்தனர். அவர்களில் சிலருக்குக் கால் நூற்றாண்டு கடந்தும் ஒதுக்கீடு வரவில்லை. காத்திருந்து பெற்றவர்களுக்கு அது பெரும் சொத்தாயிற்று. காத்திருக்க முடியாதவர்கள் வாடகை வீட்டிலேயே ஓய்வு பெற்றனர்.

அதே ஆணையத்தின் நரேலா வீடுகள் வேறு பாடம் சொல்கின்றன. தில்லியின் வடகோடியில் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் வாங்குவாரின்றிப் பல ஆண்டுகள் கிடந்தன. முதலில் வருவோருக்கு முதலில் என்று கூவி விற்க நேர்ந்தது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டபோது, மாற்றிடமாகக் காட்டப்பட்டதும் நரேலாதான். சுமார் 370 குடும்பங்களில் தகுதியுள்ளவையாக முதலில் ஏற்கப்பட்டவை 189. ஜங்புராவிலும் சுற்றுப்புறங்களிலும் வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்களுக்கு நகரின் மறுகோடியில் ஒரு கான்கிரீட் வீடு கிடைப்பது வேலையை இழப்பதற்குச் சமம். சந்தை விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும் வீட்டையும் ஏற்கத் தயங்கியவர்களை நன்றியற்றவர்கள் என்று சிலர் ஏசினர். தினமும் போய்வரும் செலவையும் நேரத்தையும் கணக்கிட்டவர்கள் அப்படி ஏச மாட்டார்கள்.

சிங்கப்பூர் ஒப்பீடு எதுவரை?

இத்தகைய விவாதங்களில் சிங்கப்பூரைச் சான்று காட்டுவது தமிழர்களிடையே வழக்கம். 1960-ல் அமைந்த அந்நாட்டின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் குடிமக்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். மாதம் 14,000 வெள்ளி வரை ஈட்டும் குடும்பமும் புதிய கழக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2019-ல் வரம்பு உயர்த்தப்பட்டது. அதாவது, அங்கு மானிய வீடு என்பது ஏழை வீடு என்று பொருள்படாது. ஆசிரியரும் பொறியாளரும் அதே மாடியில் குடியிருக்கின்றனர். நிபந்தனைகளும் உண்டு: 99 ஆண்டுக் குத்தகை, குறைந்தது ஐந்து ஆண்டு குடியிருந்த பிறகே விற்கலாம், முக்கிய இடங்களில் அது பத்து ஆண்டு. இந்த நிபந்தனைகள் வேண்டாம் என்பவர் பல மடங்கு விலை கொடுத்துத் தனியார் அடுக்ககம் வாங்குகிறார்.

ஆனால் 1966-ல் இயற்றிய நில எடுப்புச் சட்டத்தின் மூலம் நிலத்தில் பெரும்பகுதியை அரசு குறைந்த விலையில் கையகப்படுத்தியதே அதன் அடித்தளம் என்பதைச் சிங்கப்பூரைப் புகழ்வோர் சொல்வதில்லை. கேரளத்தில் எந்த அரசாலும் அது முடியாது. முயன்றால் ஆட்சி நிலைக்காது. எடுத்துக்கொள்ளத் தக்கது வருமான வரம்பு பற்றிய அணுகுமுறை மட்டுமே. நடுத்தர வர்க்கமும் குடியிருக்கும் கட்டடத்தின் மின்தூக்கி பழுதானால் ஒரே நாளில் சீராகும்.

தில்லியில் இப்போது நகர வேண்டியவை சில உள்ளன. மானை வணிகத்தில் சிக்கியோரின் உரிமை குறித்து 2025 செப்டம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அளித்த தீர்ப்பு, வீடு என்பதை வாழ்வுரிமையின் பகுதியாகவே கண்டது. முடங்கிய குடியிருப்புகளை முடிக்க நிதி ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்றும் சுட்டியது. அந்தத் தீர்ப்பின் தர்க்கம் தனியார் வாங்குபவரோடு நின்றுவிட வேண்டியதில்லை. வடக்காஞ்சேரியின் 140 குடும்பங்களுக்கும் அது பொருந்தும் என்று யாரேனும் வாதிட்டால், பயனாளியும் ஒப்பந்தக்காரரே என்று ஏற்கும் நிலை உருவாகலாம். எட்டு வீட்டு விலக்கைக் குறைக்கும் அதிகாரம் சட்டப்படி மாநில அரசுகளுக்கே உள்ளது. அதற்கு நாடாளுமன்றத்தின் திருத்தம் தேவையில்லை. முதல் வீடு வாங்குவோருக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை தருவதும் திருவனந்தபுரத்தின் கையில்தான் உள்ளது. இலச்சினைச் சண்டையில் காட்டிய உறுதியில் பாதியை இதில் காட்டினால் போதும்.

அதுவரை கொல்லங்கோட்டில் வீடு தேடும் குடும்பம் தன்னால் இயன்றதைச் செய்துகொள்ள வேண்டியதுதான். முன்பணம் தருமுன் கிருஷி பவனில் டேட்டா பேங்க் பட்டியலையும், கிராம அலுவலகத்தில் நில வகையையும், பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டு வில்லங்கத்தையும் பார்ப்பது. அடுக்ககமானால் மனையில் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எழுதச் செய்வது. ‘லைஃப்’ வீடானால் எத்தனை ஆண்டு விற்க முடியாது, வங்கி அதன் பேரில் கடன் தருமா என்று பஞ்சாயத்துச் செயலரிடம் எழுத்தில் கேட்பது. மரட்டில் வாங்கியவர்களும் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்திருந்தார்கள்.